எல்லா உயிரும்தான் கெடுக்கிறது, மனிதனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏற்காட்டில் உங்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். காட்டெருமைகள் இரவில் புகுந்து செடிகளை ஒடித்துவிட்டுப் போகின்றன. குரங்குகள் பழத்தைப் பறித்துக் கடித்துத் துப்புகின்றன. வெட்டுக்கிளி வயலை மொட்டையடிக்கிறது, யானை மரத்தைச் சாய்க்கிறது. இப்படி எல்லா உயிரும் தானிருக்கும் இடத்தைக் கெடுத்துக்கொண்டுதானே வாழ்கிறது, பிறகு மனிதனை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மற்ற விலங்குகளும் சுற்றுச்சூழலைக் கெடுக்குமா என்பது ஒன்று. கெடுக்கும் என்றால் நாம் செய்வதும் அதே கணக்கில் சேருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் ஆமாம். இரண்டாவதற்கு இல்லை.

நான் படித்தது வேளாண் பூச்சியியல். வேலையில் இருந்த காலமெல்லாம் கீழே சமவெளியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலும் மேலே மலையில் காபியிலும் பூச்சி பார்த்தவன். பூச்சி, செடி, மண் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். பொருளாதாரம், சட்டம் என்று போகும் இடங்களில் அக்கறையுள்ள ஒரு சேலத்துக்காரன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஓரங்கட்டிவிடலாம். விலங்குகள் தேவைக்கு மேல் எடுக்காது, மனிதனுக்கு மட்டும்தான் பேராசை என்று மேடைகளில் சொல்வார்கள். அது உண்மையில்லை. பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் ஒரு ஆட்டைத் தின்ன வந்தது பல ஆடுகளைக் கொன்று போட்டுவிட்டுப் போவதை ஆடு வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். இன்னும் பெரிய உதாரணம் பெரிங் கடலில் இருக்கும் செயின்ட் மேத்யூ தீவு. 1944ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. தீவில் இருந்த படையினருக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்ற எண்ணம். போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. வேட்டையாட ஓநாய் கிடையாது. பாறை மேல் படர்ந்து கிடந்த லைக்கன் என்ற பாசி மாதிரியான உயிர்தான் தீனி, அது கையளவு கனத்துக்கு இருந்தது. 1963ல் மான்கள் சுமார் 6,000. லைக்கன் மிக மெதுவாக வளரும் உயிர், மான்கள் அதை அடியோடு மேய்ந்துவிட்டன. அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. 1966ல் போய் எண்ணியபோது உயிரோடு இருந்தவை 42, அதில் கிடா ஒன்றே ஒன்று. பிறகு அவையும் இல்லாமல் போயின. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அந்த மான்களுக்குள் எந்த அறிவும் வேலை செய்யவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கண்ணுக்கே தெரியாத உயிர்கள் செய்திருக்கின்றன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் கழிவாக வெளியேற்றிய ஆக்சிஜன், காற்றின் சேர்மானத்தையே மாற்றியது. அன்றைக்கு இருந்த பல நுண்ணுயிர்களுக்கு அது விஷம். நாம் இன்று மூச்சு விடுவது அந்தக் கழிவை நம்பித்தான். ஆகவே மற்ற உயிர்களும் கெடுக்கின்றன என்று நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை.

அப்படியானால் உலகம் எப்போதோ மொட்டையாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் நடந்தது. 2020ல் கேரளத்தில் தென்பட்ட ஒரு புது மாவுப்பூச்சி, அடுத்த சில பருவங்களில் சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளில் பரவியது. ஆத்தூர் பக்கம் ஒரு விவசாயி என்னை வரப்பில் நிறுத்தி, "நுனியெல்லாம் சுருண்டு கொத்தாட்டம் ஆயிருச்சுங்க சார், மருந்து அடிச்சா அடுத்த வாரம் திரும்ப வருதுங்க" என்றார். ஒரு நுனியைக் கிள்ளி இலையைத் திருப்பிக் காட்டினேன். கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லாமல் இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக் கிடந்தன. அடியில் வெள்ளை மாவு. மாவை நகத்தால் தள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகப் பூச்சி. இதற்கு இனம் பெருக ஆணே தேவையில்லை, பெண்ணே பெண்ணைப் பெறும். ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மருந்து அடித்தபோது இந்தப் பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகளும் சேர்ந்து செத்தன, மாவுக்குள் இருந்தது தப்பித்தது. அதுதான் அவர் சொன்ன அடுத்த வாரம்.

இந்தப் பூச்சியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கேயும் இதே செடியைத்தான் தின்கிறது, இதே வேகத்தில்தான் முட்டையிடுகிறது. ஆனால் அங்கே அது பெரிய தொல்லை இல்லை. காரணம், அனகைரஸ் லோபெசி என்ற ஒரு குட்டிக் குளவி. நீளம் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையை வைத்துவிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும், பூச்சி பழுப்பு நிறக் கூடாகிவிடும், அதில் ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். 1970களில் இதே மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கோடிக்கணக்கானவர்களின் சோற்றில் கை வைத்தது. 1981லிருந்து இந்தக் குளவியை அங்கே வளர்த்து விட்டுத்தான் அடக்கினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை இந்தியாவுக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் பராகுவேயில் இருக்கும் மாவுப்பூச்சிக்கும் ஆத்தூரில் இருக்கும் மாவுப்பூச்சிக்கும் குணத்தில் கடுகளவு வித்தியாசம் கிடையாது. ஓர் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஒன்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் இல்லை. இயற்கையின் சமநிலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பிடிதான். பசி, நோய், எதிரி, வறட்சி இவற்றில் ஏதாவது ஒன்று, கெடுக்கிற உயிரை அதே இடத்தில், அதன் ஆயுளுக்குள்ளேயோ அதன் குஞ்சுகளின் ஆயுளுக்குள்ளேயோ பிடித்துவிடும்.

மனிதன் வேறுபடுவது இங்கேதான் என்பது என் முடிவு. நமக்கும் அதே பசி, அதே ஆசை. ஆனால் பிடி நம்மைத் தொடாத தூரத்துக்கு அதைத் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டோம். தழைச்சத்து தீர்ந்த நிலத்தில் விளைச்சல் குறையும், குடியானவர் தரிசு போடுவார், அவரை துவரை விதைப்பார், பட்டி போடுவார். அது ஒரு பிடி. 1913ல் ஜெர்மனியில் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து உரத்துக்கான அமோனியா செய்யும் ஆலை ஓடத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்தது. அதனால் பட்டினி குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், யூரியாவைத் திட்டுவது என் நோக்கமில்லை. விறகு தீர்ந்த ஊர் அடங்கித்தான் ஆகவேண்டும், அதுவும் ஒரு பிடி. இன்று மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி வேறு மாநிலத்து நிலத்துக்கடியில் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்து கிடந்த காடு. செத்துப்போன காலத்தின் விறகை எடுத்து எரிக்கத் தெரிந்த உயிர் வேறு எதுவும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எரித்தவர் ஒருவர், வெயிலில் காயப்போகிறவர் இன்னும் பிறக்காத வேறொருவர்.

காற்று கண்ணுக்குத் தெரியாது என்றால் திருமணிமுத்தாற்றைப் பாருங்கள். சேர்வராயன் மலைச் சரிவில் பிறந்து, சேலம் நகருக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிற ஆறு. நகருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் அதில் கலக்கின்றன. பாலத்தின் மேல் நின்றால் சில நாள் நுரை பொங்கி வரும், சில நாள் தண்ணீரே நிறம் மாறியிருக்கும். இப்போது ஒன்றை யோசியுங்கள். இந்த ஆற்றைக் கெடுத்ததால் சேலத்துக்காரர் தாகத்தில் தவித்தாரா? இல்லை. அவர் குடிப்பது மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர். கிணறு கெட்டது ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயிக்கு. அந்தச் சாயம் ஏறிய துணியை உடுத்துகிறவர் இந்த ஆற்றின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஒரு மாவுப்பூச்சி தன் செடியைக் கெடுத்துவிட்டுப் பக்கத்து ஊர்ச் செடியின் சாற்றைக் குழாய் வைத்து உறிஞ்ச முடிந்தால் எந்தக் குளவியாலும் அதை அடக்க முடியாது. சாயப்பட்டறைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆற்றங்கரையிலேயே குடியிருந்து அந்த நாற்றத்தைத் தாங்குகிற தொழிலாளர்களும் அதில் உண்டு. விளைவு செய்தவரிடம் திரும்பி வருவதற்குள் அது எத்தனை பேரைக் கடந்து வருகிறது என்பதுதான் நான் காட்ட விரும்புவது. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் தோண்டிய மேக்னசைட் என்ற கனிமமும் அப்படித்தான். அது எங்கோ ஓர் உருக்கு உலைக்குள் சூடு தாங்கும் செங்கல்லாக இருக்கும், வெள்ளை வெளேரென்று குழியும் குப்பைமேடும் மட்டும் நம் மலையடிவாரத்தில். சேர்வராயன் உச்சிப் பக்கம் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாறை மக்கி பாக்சைட் ஆக லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். வெட்டிய இடத்தில் மரம் நடலாம், நட்டால் ஏதோ வளரும். அந்த மண்ணடுக்கு நம் பேரன் பேத்தி காலத்தில் திரும்பாது.

இன்னொன்றும் கவனியுங்கள். விலங்கு செய்த நாசத்துக்கு நான் மேலே சொன்ன உதாரணங்களில் ரெயின்டீரைத் தீவில் விட்டது மனிதன். மாவுப்பூச்சி கடல் தாண்டியது மனிதனோடு. மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கில் 20ஐ 1946ல் கனடாவிலிருந்து கொண்டுவந்து அர்ஜென்டினாவின் தென்கோடியில் விட்டதும் மனிதன்தான். வட அமெரிக்காவில் பீவர் அணை கட்டினால் குளம் உண்டாகும், பீவர் கடித்த மரங்களில் பல மறுபடி துளிர்க்கும், அதை நம்பி நூறு உயிர் பிழைக்கும். தென்கோடியின் மரங்களுக்குத் துளிர்க்கும் வழக்கம் இல்லை, காடு காடாக நின்றபடியே செத்தது. நம் மலையில் வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும் உண்ணிச்செடியும் அழகுக்காகத் தோட்டத்தில் வைக்க வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்ததுதான். உயிர்களை அவற்றின் பிடியிலிருந்து பிரித்து வேறு இடத்தில் இறக்கிவிடுவது, மனிதன் செய்யும் கேடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. மலையை வெட்டுவதைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெட்டிய மலை வெட்டிய அளவோடு நிற்கும், வந்து சேர்ந்த பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும்.

கழிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உங்கள் தோட்டத்தில் காட்டெருமை சாணி போட்டுவிட்டுப் போனால், மழைக்காலமாக இருந்தால், அதன் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். சூடு ஆறுவதற்குள் சாணி வண்டுகள் வந்து இறங்கும். சில உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு போகும், சில நேரே கீழே துளை போட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் கிளறினால் உதிரியாக, பாதி மண்ணாக இருக்கும். இதை வைத்து இயற்கைப் பொருள் எல்லாம் மக்கிவிடும், செயற்கைதான் கெடுதல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் மாடுகளை இறக்கியபோது, கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்த ஊர் வண்டுகளால் ஈரச் சாணியைச் சமாளிக்க முடியவில்லை. சாணி மாதக்கணக்கில் வரட்டியாகக் கிடந்து புல்லை மூடியது, ஈ மொய்த்தது. 1960களின் கடைசியில் ஆப்பிரிக்க வண்டுகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் சரிசெய்தார்கள். பசுஞ்சாணியே அங்கே மாசு. தின்பதற்கு ஆள் இல்லாததெல்லாம் குப்பைதான். ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கிடக்கிற சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் அப்படித் தின்ன ஆள் இல்லாதவை. மெழுகுப்புழு பாலித்தீனைத் தின்னும் என்று 2017ல் ஓர் ஆய்வு வந்தது. கடித்து ஓட்டை போடுவது உறுதி. உண்மையில் எவ்வளவு செரிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, அதை நம்பி யாரும் பாட்டிலை வீசிவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனிச் சொல்வதில் விவாதம் உண்டு. மனிதன் எப்போதிலிருந்து இப்படி ஆனான்? ஆலைகள் வந்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நியூசிலாந்தில் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் குடியேறி, ஓரிரு நூற்றாண்டுக்குள் மோவா என்ற ராட்சதப் பறவைகள் அத்தனையும் அழிந்தன. அவர்களிடம் இருந்தது நெருப்பும் கல்லும் கம்பும்தான். இது நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பனியுக முடிவை ஒட்டி அழிந்த பெரிய விலங்குகளில் எவ்வளவு மனிதனின் வேலை, எவ்வளவு பருவநிலையின் வேலை என்பது இன்றும் தீராத வாதம். மனிதன்தான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களையும், இல்லவே இல்லை என்பவர்களையும் நான் முழுதாக நம்புவதில்லை.

மனிதன் என்று மொத்தமாகப் பேசுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மலையில் சாமையும் தினையும் போட்டுப் பிழைக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பமும், ஒரு வார விடுமுறைக்கு விமானத்தில் பறக்கிற குடும்பமும் ஒரே இனம்தான், ஆனால் ஒரே சுமை அல்ல. அதற்காகப் பழங்குடிகளைத் தெய்வமாக்கிவிடுவதும் சரியில்லை, மோவாவை முடித்ததும் ஆலைகள் இல்லாத மக்கள்தான். சேர்வராயன் மலையில் இன்னும் நிற்கிற கோயில் காடுகள் காட்டைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் விடப்பட்டவையா, சாமிக்குப் பயந்து விடப்பட்டவையா என்று கேட்பார்கள். என் கணிப்பு இரண்டாவது. மரம் தப்பித்ததா என்றால் தப்பித்தது.

சரி, பிடியைத் தள்ளி வைத்த அதே மனிதன் அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஒருமுறை செய்திருக்கிறோம். அண்டார்டிகா மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பதை 1985ல் அறிவித்தார்கள், 1987ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது, படலத்தை அரித்த குளிர்பதனப் பெட்டி வாயுக்களுக்குப் பதில் வேறு வாயுக்கள் வந்தன, இப்போது படலம் மெல்லத் தேறி வருகிறது. வரப்போகும் கேட்டை முன்கூட்டிக் கணக்குப் போட்டுத் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட வேறு உயிர் எனக்குத் தெரிந்து இல்லை. கரியமில வாயுவில் அப்படி நடக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஓசோனுக்கு மாற்ற வேண்டியிருந்தது சில ரசாயனங்களை மட்டும்.

ஆனால் விளைவு செய்தவரிடமே சீக்கிரம் திரும்பி வந்தால் மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் காபித் தோட்டங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அராபிகா வகைக் காபியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு வெயில் படுகிற தண்டைத் தேடி, பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்து போகும், தண்டில் மேடு மேடாக வரி தெரியும், இலை மஞ்சளாகும், செடி சாகும். காபி விலை ஏறிய காலத்தில் நிழலைக் குறைத்தால் காய்ப்பு கூடும் என்று அத்தியையும் பலாவையும் வெட்டி, சில்வர் ஓக் மட்டும் வைத்தவர்கள் உண்டு. சில பருவங்களில் தண்டுகளில் வரி வரியாகக் கண்டதும் அவர்களே மறுபடி நிழலுக்கு நடக் கல்யாண முருங்கைக் கம்பு தேடி என்னிடம் வந்தார்கள். நான் பேசிப் புரியவைத்தது கொஞ்சம். வெட்டியவர் தோட்டத்திலேயே செடி செத்ததுதான் மீதியைப் புரியவைத்தது. திருமணிமுத்தாற்றில் அந்த வசதி இல்லை. அங்கே கழிவை விடுகிறவர் கணக்கிலேயே அதைச் சுத்தம் செய்யும் செலவு விழ வேண்டும், குளவி செய்கிற வேலையை அங்கே சட்டம்தான் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் காட்டெருமை. உங்கள் நஷ்டம் உண்மையானது, அதை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது. வனவிலங்கு பயிரை அழித்தால் வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். ஒடிந்த செடிகளை அகற்றுவதற்கு முன் குளம்புத் தடத்தோடு படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரையும் வனக்காவலரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பிறகு அந்தச் செடிகளைப் பிடுங்கி எறியாதீர்கள். காபிக்கு அடியிலிருந்து துளிர்க்கும் சக்தி உண்டு. ஒடிந்த இடத்துக்குக் கீழே நல்ல கட்டையில் சாய்வாக அறுத்து, வெட்டில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை தடவி விடுங்கள். துளிர்கள் நிறைய வரும், அதில் தடித்து நேராக நிற்பதில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மறுபடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், புதுச் செடி நட்டுக் காத்திருப்பதைவிட அது மேல்.